நூறு வில்லுக்கு நடுவே ஒரு வில்

தர்மபுரி கோட்டைக் கோயிலில் ஒரு நவராத்திரி மாலை. பத்து வயதுச் சிறுமி ஒருத்தி வலது காலைச் சற்றே நீட்டி உட்கார்ந்து, பிடிலின் தலையைக் கணுக்காலில் ஊன்றிக்கொண்டு ‘ஜகதீச குருகுஹ’ வாசித்தாள். முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரம். கமகம் ஏதும் இல்லாமல் சங்கராபரணத்து ஸ்வரங்கள் நேர்நேராகத் துள்ளி வந்தன. கேட்டுக்கொண்டிருந்த பாட்டிகளின் தலைகள் அசைந்தன. என் பாதமோ தரையைத் தட்டத் தொடங்கிவிட்டது. அந்த மெட்டு பிறந்ததே ஆடுவதற்குத்தான். ‘லார்ட் மெக்டொனால்ட்ஸ் ரீல்’ என்று ஸ்காட்லாந்தில் ஆளுக்கொரு பிடிலில் முழங்கிய மெட்டு அது.

அது நம்மிடம் வந்த வழி அழகானது. தீட்சிதர் குடும்பம் சென்னையை அடுத்த மணலியில் இருந்தபோது செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் பேண்டு வாத்தியத்தைக் கேட்டது. அண்ணன் முத்துசுவாமி அந்த மெட்டுகளுக்கு சம்ஸ்கிருத சாகித்தியம் செய்தார். தம்பி பாலுசுவாமி ஐரோப்பியர் ஒருவரிடம் பிடிலைக் கற்று, அதைக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தார். ஒருவர் மெட்டை எடுத்துக்கொண்டார், மற்றவர் வாத்தியத்தை.

தர்மபுரிக்காரனாகிய எனக்கு இதில் இன்னொரு சொந்தமும் உண்டு. 1792 முதல் 1799 வரை பாராமகாலில் நிலவரி வேலை பார்த்த தாமஸ் மன்றோ எங்கள் ஊரில் தோட்டம் போட்டு வாழ்ந்தவர், கிளாஸ்கோவில் பிறந்தவர். அவர் இங்கே செடி வளர்த்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் அவருடைய நாட்டில் நீல் கௌ என்ற கிழவர் பிடில் வாசித்துக்கொண்டிருந்தார். ரேபர்ன் தீட்டிய ஓவியத்தில் அவரைப் பார்க்கலாம்: கட்டம்போட்ட கால்சட்டை, நாற்காலியில் நிமிர்ந்த முதுகு, தன் ஊர்க்கூட்டத்துக்கு வாசிக்கிற நிதானம்.

1745-ல் நடந்த ஒரு பிடில் போட்டியில் இளைஞர் கௌ ஜெயித்தார். தீர்ப்புச் சொன்னவர் ஜான் மெக்ரா, பார்வையற்ற வாத்தியக்காரர். நூறு பேர் வாசித்தாலும் நீலின் வில்லைத் தன்னால் தனியே பிரித்துச் சொல்ல முடியும் என்றாராம். ரசிகனுக்கு இதைவிடப் பெரிய பட்டம் கிடையாது என்பேன். எந்த மெட்டு, எவ்வளவு வேகம் என்பதெல்லாம் அப்புறம். வில் கம்பியைத் தொடும் அந்த முதல் கணத்திலேயே ஆளைத் தெரிந்துகொள்வதுதான் கேள்வி ஞானம்.

கௌவின் பலம் வில்லின் மேல்வீச்சில் இருந்ததாகச் சொல்வார்கள். வில் கீழே இறங்கும்போது கையின் பாரமும் சேர்ந்துகொள்ளும். ஏறும்போது சாதாரணக் கை இளைத்துப்போகும். கௌவின் கை ஏறும்போதும் கம்பியை அறைந்தது. ஸ்ட்ராத்ஸ்பே என்ற நடைக்கு அந்த அறை வேண்டும். குறில் முதலில், நெடில் பின்னால்: ‘தகீ’ என்று ஒரு சொடுக்கு. மணிக்கட்டு சிறிது தளர்ந்தாலும் அந்தச் சொடுக்கு வழுக்கிவிடும், ஆடுகிறவன் கால் தடுமாறும்.

நம் பிடில் வேறு உலகம். இங்கே விரல் கம்பிமேல் வழுக்க வேண்டும், தோடி காந்தாரம் அசைய வேண்டும். ஆனாலும் ஓர் ஒற்றுமை என்னை மலைக்க வைத்தது. பழைய ஸ்காட்லாந்துப் பிடில்காரர்கள் சில மெட்டுகளுக்கு தாழ்ந்த இரண்டு கம்பிகளையும் வழக்கமான சுருதியிலிருந்து ஏற்றி, ஏ, ஈ, ஏ, ஈ என்று கூட்டிக்கொள்வார்கள். அதை வாய்விட்டுப் பாடிப் பாருங்கள்: ஸ, ப, ஸ, ப. கோட்டைக் கோயில் சிறுமி கூட்டியிருந்த அதே சுருதி! விரல் படாத கம்பிகளும் சேர்ந்து அதிரும்போது அவர்களுக்குப் பைப் வாத்தியத்தின் ஒத்து கிடைத்தது. நமக்குத் தம்புராவின் துணை.

கௌ வாசித்த பிளேர் கோட்டையில் 1989 முதல் கிளென்ஃபிடிக் பிடில் போட்டி நடக்கிறது. மற்றப் போட்டிகளில் வென்றவர்களை அங்கே அழைக்கிறார்கள். முதலில் ஒரு மெதுவான மெட்டு. பிறகு மார்ச், ஸ்ட்ராத்ஸ்பே, ரீல் மூன்றையும் தொடுத்து வாசிக்க வேண்டும். மெதுவானதை முதலில் வைத்தது நல்ல ரசனை. வேகத்தில் ஒளித்துவிடக்கூடிய குறையெல்லாம் அங்கே வெளியே வந்து நிற்கும்.

மெக்ராவைப் படித்தபோது எனக்குப் பாலக்கோடு பக்கத்துத் திரௌபதி அம்மன் திருவிழா நினைவுக்கு வந்தது. பாரதக் கூத்து இரவு. களத்திலிருந்து வெகுதூரம் தள்ளி, வரப்போரம் சாக்கு விரித்துக் கண்ணை மூடிப் படுத்திருந்தார் ஒரு பெரியவர். தூங்குகிறார் என்றே நினைத்தேன். மிருதங்கம் அடங்கி, முகவீணை மட்டும் மெலிதாக இழுத்தது.

“பென்னாகரத்தான் வந்துட்டானா?” என்றார், கண்ணைத் திறக்காமலே.

“எப்படித் தெரியுதுங்க, தாத்தா?”

“மூச்சு விடறான் பாரு. வேற எவன் அங்க மூச்சு விடுவான்?”

எழுந்து உட்கார்ந்து துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, களத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்.