பழைய இருக்கையின் அழகு

1961-ஆம் ஆண்டு ஜினீவா கண்காட்சியில் ஜாகுவார் நிறுவனத்தார் ஈ-டைப் காரை அறிமுகப்படுத்தியபோது, அதன் நீண்ட மூக்கின் சௌந்தரியத்தில் சொக்கிப்போனவர்கள், ஏறி அமர்ந்து நெடுந்தூரம் போன பிற்பாடுதான் அதன் குழிந்த தோல் இருக்கைகள் முதுகுக்கு அத்தனை அனுகூலமானவை அல்ல என்பதை உணர்ந்தார்கள்; 1964-இல் 4.2 லிட்டர் எஞ்சினோடு வந்த வண்டியில் நிறுவனத்தாரே அவற்றை மாற்றிவிட்டார்கள். ஆயினும் அந்தப் பழைய இருக்கைகளைத்தான் இன்று ரசிகர்கள் பொக்கிஷம்போல் காக்கிறார்கள். பிரேமைக்கு முதுகுவலி ஒரு பொருட்டா என்ன!

அந்த இருக்கையின் கதவோரத்து விளிம்பைச் சற்றே குனிந்து பாருங்கள். அறுபது ஆண்டுகளாக ஏறுவோரும் இறங்குவோரும் உராய்ந்து உராய்ந்து, மேற்பூச்சு தேய்ந்து, நுண்ணிய வெடிப்புகள் சிலந்திவலைபோல் படர்ந்து, தோலின் சுயவர்ணம் எட்டிப் பார்க்கும். இதைச் செப்பனிடும் நிபுணர், ஈரத்துணியால் அழுக்கை நீக்கி, கிழிசலின் பின்புறம் துணி ஒட்டி, இற்றுப்போன தையலைப் பழைய துவாரங்களின் வழியாகவே கையால் கோத்தெடுக்கும் பொறுமையை நான் வித்தை என்றே சொல்வேன். புதிய துளையிட்டால் தபால்தலை ஓரம்போல் தோல் கிழிந்துவிடுமல்லவா?

சிலர் பழைய இருக்கைகளைக் கழற்றி வைத்துவிட்டு, அதே அச்சில் செய்த புதியவற்றைப் பூட்டி ஓட்டுகிறார்கள். விவேகந்தான். ஆனால் கழற்றியவற்றைப் பாலிதீன் உறையில் இடாமல் பருத்தித் துணியால் போர்த்த வேண்டும். இல்லாவிடில் அடைபட்ட ஈரத்தில் பூஞ்சணம் பூத்துவிடும்.