அயலார் காணி

தமிழர் பரந்த மனத்தினர் என்பதை நிறுவ, மேடையிலும் ஏட்டிலும் மூன்று சான்றுகள் வழக்கமாக எடுத்துக் காட்டப்படுகின்றன. ஒன்று, கணியன் பூங்குன்றனார் பாடிய புறநானூற்று 192ஆம் பாட்டு. மற்றொன்று, பன்மொழி பேசும் வேற்று நாட்டார் புகாரில் கலந்து உறைந்தமையைக் கூறும் பட்டினப்பாலை. மூன்றாவது, மருவூர்ப்பாக்கத்தில் யவனர் இருக்கை இருந்தமையைக் குறிக்கும் சிலப்பதிகாரம். இம்மூன்றையும் அடுக்கியபின், பண்டு அயலார் எவரும் தமிழகத்தில் தடையின்றி நிலங்கொண்டனர் என்றும், தமிழரும் கடல் கடந்து அவ்வாறே கொண்டனர் என்றும், தடைகள் யாவும் இக்காலச் சட்டம் விளைத்தவை என்றும் முடிவு கூறுவார் உளர். முடிவு கேட்க இனியது; சான்றுகள் அதனைத் தாங்குமா என்பது ஆராய்தற்குரியது.

அந்நூல்கள் மூன்றும் வாழ்தலைக் கூறுகின்றன, உடைமையைக் கூறவில்லை. யவனர் இருந்த மனை எவர்க்கு உரியது, அதனை அவர் விற்கலாமோ, அவர் இறந்தால் அது யாரைச் சேரும் என்னும் வினாக்களுக்கு இளங்கோவடிகளிடம் விடை இல்லை. காப்பியத்தில் அதனைத் தேடுவதும் முறையன்று. ஊர் என்பது வாழுமிடம். காணி என்பது, நிலவளவையின் பெயராதலோடு, வழிவழி ஆளும் நிலவுரிமைக்கும் பெயராகச் சோழர் கல்வெட்டுகளில் வழங்குவது. ஊரில் இடம் பெற்றவரெல்லாம் காணி பெற்றவராகார். இவ்வேற்றுமையை மறந்து இலக்கியத்தைச் சட்டச் சான்றாக்குவதே பிழையின் வேர்.

ஆனைமங்கலம் கூறுவது

சட்டச் சான்று வேண்டுவார் செப்பேட்டை நாடவேண்டும். கடார வேந்தன் சூளாமணிவர்மன் பெயரால் நாகப்பட்டினத்தில் ஒரு பௌத்த விகாரம் எழுந்தது. அவன் மகன் மாறவிசயோத்துங்கவர்மன் அதனை முடித்தான். முதலாம் இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 1006ஐ ஒட்டி, ஆனைமங்கலம் என்னும் ஊரை அப்பள்ளிக்கு அளித்தான். இச்செய்தியைக் கூறும் செப்பேடுகள் டச்சுக்காரரால் ஆலந்து நாட்டுக்குக் கொண்டுபோகப்பட்டு லெய்டன் பல்கலைக்கழகத்தில் வைக்கப்பட்டமையின், லெய்டன் செப்பேடுகள் எனப் பெயர் பெற்றன.

இதனைக் காட்டி, "கடாரத்தான் நாகையில் நிலம் வாங்கினான்" என்பாரும் உளர். செப்பேட்டை ஊன்றிப் படிப்பார் அவ்வாறு கூறார். வாங்கியவன் எவனும் அங்கு இல்லை, கொடுத்தவன் சோழன். கொடுத்ததும் கடார வேந்தன் பெயருக்கன்று, பள்ளிக்கு. 97 வேலிக்கு மேற்பட்ட நிலத்தின் காணிக்கடனாகிய 8943 கலத்துக்குச் சற்று மிகுந்த நெல் பள்ளிக்கு ஆண்டுதோறும் சேரவேண்டும் என்பதே கொடையின் பொருள். நிலத்தை உழுதவர் உழுதவரே. அரசனுக்குச் சென்ற கடன் இனிப் பள்ளிக்குச் சென்றது. இது பள்ளிச்சந்தம் எனப்படும்.

அதற்குரிய நடைமுறையும் எளியதன்று. அரசன் வாய்மொழி ஓலையில் ஏறிற்று. அதிகாரிகள் பலர் ஒப்பிட்டனர். நாட்டாரும் அண்டை ஊராரும் கூடினர். பெண்யானையை நடத்தி எல்லை வகுத்தனர். கிணறு தோண்டல், சுட்ட செங்கல்லால் மாடமாளிகை எடுத்தல், தென்னையிடுதல் முதலியவற்றிற்குத் தனித்தனி இசைவு எழுதப்பட்டது. கொடுத்த அரசன் மறைந்தபின், அவன் மகன் இராசேந்திரன் அதனை நிலைநிறுத்திச் செப்பேடாக்குவித்தான். பின்னர்க் கி.பி. 1090இல், கடார வேந்தன் தூதர் வேண்ட, முதலாம் குலோத்துங்கன் வரிவிலக்கைக் கூறி மீண்டும் ஒரு பட்டயம் தந்தான். இடையில் 1025ஐ ஒட்டி அதே கடாரத்தின்மேல் சோழர் படையும் சென்று வந்தது. அயலான் பெற்ற உரிமை அரசனுக்கு அரசன் புதுப்பிக்கப்பட வேண்டியதாய் இருந்தது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா. தடையில்லாக் காலம் என்பது அக்காலமும் அன்று.

கடாரக் கரையில் தமிழர்

அக்கடாரம் இன்றைய கெடா என்பது ஆராய்ச்சியாளர் பலர் துணிபு. பினாங்குத் தீவு அக்கெடாவின் சுல்தானுக்கு உரியதாய் இருந்தது. 1786ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் பிரான்சிஸ் லைட் அங்கே கொடி ஏற்றினார். 1791இன் உடன்படிக்கைப்படி சுல்தானுக்கு ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய டாலர் தருவதாகக் கம்பெனி இசைந்தது. ஆகவே பிறர்க்கு நிலம் வழங்க முற்பட்ட கம்பெனியே அங்கு அயலாரின் கூட்டம். காட்டை வெட்டித் திருத்துவார்க்கு லைட் தாராளமாக நிலம் அளித்தார் என்பது உண்மை. அத்தாராளம் அறம் கருதியதன்று. ஆள் குறைந்த தீவில் ஆள் சேர்க்கும் வழி அது.

நாகூர், நாகப்பட்டினம், பரங்கிப்பேட்டை முதலிய கரைகளிலிருந்து சென்ற தமிழ் முசுலிம்கள் சூலியர் எனப்பட்டனர். 1801இல் காதர் முகைதீன் என்பார் சூலியரின் கப்பித்தானாக அமர்த்தப்பட்டார். பள்ளிவாசலுக்கென 18 ஏக்கர் நிலமும் அவ்வாண்டில் வழங்கப்பட்டது. கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் இன்றும் ஜார்ஜ் டவுனில் அதன் ஒரு பகுதியில் நிற்கிறது. குயின் தெருவிலுள்ள மாரியம்மன் கோவிலின் மனையும் அதே ஆண்டில் கம்பெனி ஆட்சியிடம் பெற்றதே. ஆனைமங்கலத்தையும் இவற்றையும் ஒப்பிடுவார்க்கு ஒற்றுமை புலப்படும். இரண்டிடத்தும் ஆள்வோர் கொடுத்தனர். சமய நிலையத்துக்கென்று கொடுத்தனர்.

வேற்றுமை பின்னர் வெளிப்பட்டது. 1807ஆம் ஆண்டின் அரச சாசனம் பினாங்குக்கு ஒரு நீதிமன்றத்தையும், அதனோடு ஆங்கிலச் சட்டத்தையும் கொண்டுவந்தது. காதர் முகைதீன் மரபில் வந்த பெருவணிகர் முகம்மது நூர்தீனின் விருப்ப ஆவணம் பற்றிய வழக்கு, பாத்திமா எதிர் லோகன் என்னும் பெயரால் 1871இல் தீர்க்கப்பட்டது. முசுலிம் ஒருவர் தம் உடைமையில் மூன்றிலொரு பங்கையே விருப்ப ஆவணத்தால் அளிக்கலாம் என்பது இசுலாமிய நெறி. நீதிமன்றமோ, அந்நாட்டில் வழங்குவது ஆங்கிலச் சட்டம் ஆதலின் ஆவணமும் அதன்படியே ஆராயப்படும் என்றது. சீனக் குடும்பம் ஒன்றின் வழக்கிலும், முன்னோர் வழிபாட்டுக்கெனக் காலவரையின்றி ஒரு வீட்டை ஒதுக்கியது செல்லாது என இலண்டன் பிரிவி கவுன்சில் 1875இல் முடிவு கூறிற்று.

இவற்றின் கருத்துப் பெரிது. நிலத்தைப் பெற்றவர் தம் ஊர் வழக்கு தம்மோடு கடல் கடந்து வந்ததென எண்ணினார். நிலமோ, தான் கிடக்கும் நாட்டின் சட்டத்தையே பேசிற்று. இந்து, முசுலிம் அறக்கட்டளைகளின் நிலத்தைக் காக்க இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தனிச் சட்டமும் வாரியமும் ஏற்பட வேண்டியதாயிற்று.

இன்றைய நிலை

மலேசிய அரசியலமைப்பில் நிலம் மாநிலத்தின் பொருள். 1966 முதல் நடைமுறையிலுள்ள தேசிய நிலச் சட்டத் தொகுப்பில் பின்னர்ச் சேர்க்கப்பட்ட 433பி பிரிவு, குடியுரிமை இல்லாதார் எழுத்தால் விண்ணப்பித்து, மாநில அரசின் முன்னிசைவு பெற்ற பின்னரே நிலம் கொள்ளலாம் என்கிறது. இசைவுக்கு நிபந்தனையும் கட்டணமும் விதிக்க அரசுக்கு அதிகாரம் உண்டு. அவ்வதிகாரத்தைக் கொண்டு பினாங்கு அரசு அயலாருக்கு ஓர் அடித்தள விலையை வகுத்தது. தீவில் அடுக்குமாடி வீட்டுக்குப் பத்து இலட்சம் ரிங்கிட்டும், நிலத்தோடு கூடிய வீட்டுக்கு முப்பது இலட்சமும் என்று ஒருகால் நின்ற அவ்வளவு, விலைபோகாத வீடுகளுக்குப் பின்னர்த் தளர்த்தவும் பட்டது. 2014 பெப்ரவரி முதல் அயலார் வாங்கும் சொத்துக்கு நூற்றுக்கு மூன்று என்னும் தீர்வையும் வந்தது. இவ்வளவுகள் அரசாணையால் மாறுவன. மாறாதது இசைவு வேண்டும் என்னும் விதி. உள்ளூர் எளியார்க்குரிய வீட்டை வெளியூர்ப் பணம் கவராதிருக்கவே விலைவரம்பு வைக்கப்பட்டது. இதனை நோக்கின், விதி முழுதும் அயலார்பால் பகை எனல் பொருந்தாது.

மறுகரையின் நிலை இன்னும் நோக்கத்தக்கது. பினாங்கில் பிறந்து மலேசியக் குடிமகனாய் வாழும் ஒரு தமிழர், ஓ.சி.ஐ. அட்டை பெற்றவராயின், இந்திய அந்நியச் செலாவணி விதிகளின்படி நாகப்பட்டினத்தில் வீடு வாங்கலாம். விளைநிலம் வாங்கப் பொது அனுமதி இல்லை. அட்டையும் இந்திய வழிமரபும் இன்றி வெளிநாட்டில் வாழும் பிறநாட்டார்க்கு வீடும் பொதுவாக இல்லை. கடார வேந்தன் வேண்ட 97 வேலியின் நெல் சென்ற அதே வட்டாரத்தில், கடாரக் கரையில் வாழும் தமிழர் ஒரு மா நன்செயை விலைக்குக் கொள்ள இயலாது. மரபுரிமையாக வருவது வேறு. இதனைக் கண்டு வருந்துவார் வருந்தலாம்; ஆயினும் இருகரையும் ஒரே நெறியில் நிற்கின்றன என்பதை மறைத்தலாகாது. பினாங்கின் விதியைக் கடிந்துகொண்டே தம் நாட்டு விதியை மறந்து பேசுவது நடுவுநிலைமை ஆகாது.

ஆசிரியர் கடன்

இதனால் பூங்குன்றனார் பாட்டின் பெருமை குன்றுமோ எனின், குன்றாது. மனிதன் மனிதனை எவ்வாறு கருத வேண்டும் என்பதை அப்பாட்டு கூறுகிறது. நிலம் எவ்வாறு கைம்மாறும் என்பதைப் பட்டயம் கூறும். முன்னதைப் பின்னதன் இடத்தில் வைத்தால் இரண்டும் கெடும். உறவின் சொல்லை நம்பிப் பட்டயத்தைப் படியாமல் கையொப்பம் இடுவோர் பொருளிழப்பர். பொருளிழந்தபின் அவ்வுறவையும் வெறுப்பர்.

எனவே வகுப்பறையில் புறநானூற்றை உரைக்கும் ஆசிரியர், அதன் அருகே ஆனைமங்கலச் செப்பேட்டையும் ஒருநாள் விரித்துக் காட்டுதல் நன்று. காணி, காணிக்கடன், இறையிலி, பள்ளிச்சந்தம் என்னும் சொற்கள் தேர்வுக்குரிய அருஞ்சொற்கள் மட்டும் அல்ல. நிலத்தில் ஒருவர்க்கு உள்ளது எது, இல்லாதது எது என்பதைப் பிரித்துக் காட்ட முன்னோர் ஆக்கிய கருவிகள் அவை. அவற்றின் பொருளைத் தெளிந்த மாணவன், நாளை எந்நாட்டில் எம்மொழிப் பத்திரம் தன்முன் வந்தாலும், இது வாழும் உரிமையா, ஆளும் உரிமையா, எத்தனை காலத்துக்கு, யார் இசைவால் என்று கேட்டபின்னரே எழுதுகோலை எடுப்பான்.