ஆலோசகர் யாருக்குப் பதில் சொல்கிறார்?

2025 செப்டம்பரில் அமெரிக்க வெளியுறவுத் துறை தன் புதிய உலகச் சுகாதார உத்தியை வெளியிட்டது. அந்நாடு தரும் சுகாதார உதவியில் மருந்துகளுக்கும், பரிசோதனைப் பொருள்களுக்கும், நோயாளியை நேரில் கவனிக்கும் ஊழியர்களுக்கும் போவது ஏறத்தாழ 40 விழுக்காடுதான். மீதி 60 விழுக்காடு தொழில்நுட்ப உதவி, திட்ட நிர்வாகம், மேற்செலவு என்று கரைகிறது என்பது அதன் குற்றச்சாட்டு. எச்.ஐ.வி. துறையில் இருப்பவர்கள் கொதித்துப்போனார்கள். அதே ஆண்டு ஜனவரியில் ஒரே உத்தரவில் வேலைகளை நிறுத்தி, ஜூலைக்குள் தன் வெளிநாட்டு உதவி நிறுவனமான யுஎஸ்எய்டையே இல்லாமலாக்கிய அரசு சிக்கனம் பேசுவதா என்ற கோபம் நியாயமானது. ஆனால் ஆலோசகர்களை அனுப்பும் தொழில்நுட்ப உதவியைக் காக்க அவர்கள் முன்வைக்கும் வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. ஆலோசகர்கள் போய்விட்டால் திட்டங்கள் சரிந்துவிடும் என்கிறார்கள். எய்ட்ஸ், காசநோய், மலேரியாவுக்கு எதிரான குளோபல் ஃபண்ட் தொடங்கியது 2002இல்; அமெரிக்காவின் எச்.ஐ.வி. உதவித் திட்டமான பெப்ஃபார் 2003இல். இருபது ஆண்டுகளுக்கு மேல் கற்றுக்கொடுத்த பிறகும், கற்றுக்கொடுத்தவர் நகர்ந்தால் எல்லாம் விழுந்துவிடும் என்றால் அதை அவருக்கான நற்சான்றாக எப்படி எடுத்துக்கொள்வது?

ஒப்புக்கொள்ள வேண்டியவை உண்டு. குளோபல் ஃபண்ட் ஜெனீவாவிலிருந்து பணம் தரும் அமைப்பு. எந்த நாட்டிலும் அதற்குக் கிளை அலுவலகம் கிடையாது. பணத்தோடு அறிவும் வேண்டுமென்றால் அது வேறிடத்திலிருந்துதான் வர வேண்டும். மருந்து எதிர்ப்பைக் கண்டறியும் ஆய்வுக்கூடத்தை அமைக்கவும், வரும் ஆண்டுகளின் மருந்துத் தேவையைக் கணக்கிடவும் ஒரு சிறிய நாட்டின் அமைச்சகத்தில் ஆள் இல்லாதது அவமானம் அல்ல. அமைச்சகங்களை நம்பத் தயங்குவதற்கும் காரணம் இருந்திருக்கிறது. 2005இல் உகாண்டாவில் நிதி நிர்வாகம் சீர்கெட்டதால் அந்நாட்டுக்கான ஐந்து மானியங்களையும் குளோபல் ஃபண்ட் சில மாதங்கள் நிறுத்திவைத்தது.

என் மறுப்பு ஆலோசகரின் திறமையைப் பற்றியதல்ல. அவர் யாருக்குப் பதில் சொல்கிறார் என்பதே கேள்வி. அவரை வேலைக்கு எடுப்பது ஒரு நிறுவனம். அந்த நிறுவனத்துக்கு ஒப்பந்தம் தருவது நன்கொடை நாடு. அவர் என்ன செய்ய வேண்டும் என்று எழுதுவதும் பெரும்பாலும் அவர்களே. அமைச்சகத்தின் வேலை வரவேற்பதோடு முடிகிறது. ‘வேண்டாம்’ என்று திருப்பி அனுப்பும் உரிமை காகிதத்தில் இருக்கலாம். அடுத்த தவணைப் பணம் யார் கையில் இருக்கிறது என்று தெரிந்த எந்தச் செயலாளரும் அதைப் பயன்படுத்தத் துணியமாட்டார்.

குளோபல் ஃபண்டின் பணம் ஒரு நாட்டுக்குள் வரும் வழியைப் பாருங்கள். மூன்றாண்டுக்கு ஒருமுறை ஒதுக்கீட்டுக் கடிதம் வருகிறது. நாட்டு ஒருங்கிணைப்புக் குழு கூடி விண்ணப்பம் தயாரிக்க வேண்டும். அதைத் தனியொரு வல்லுநர் குழு பரிசீலிக்கும். அது தேறினால் முதன்மைப் பெறுநர், துணைப் பெறுநர், உள்ளூர் நிதி முகவர், செயல்திறன் குறியீடுகள், முன்னேற்ற அறிக்கைகள், தணிக்கை. இந்தக் காகிதச் சுமையைத் தூக்குவதற்காகவே ஆலோசகர்கள் பெருமளவில் அழைக்கப்படுகிறார்கள். விண்ணப்பக் காலத்தில் வந்து இறங்குவார்கள். தலைநகரின் ஓட்டல் ஒன்றில் பட்டறை நடக்கும். விண்ணப்பம் போனதும் அவர்களும் போய்விடுவார்கள். வினாத்தாள் தயாரிப்பவரே மாலையில் தனிப்பயிற்சி வகுப்பும் நடத்துகிற கதைதான் இது. 2005 முதல் ஐ.நா.வின் எய்ட்ஸ் அமைப்பான யுஎன்எய்ட்ஸ் ஜோகன்னஸ்பர்க், நைரோபி, வாகடுகு, கோலாலம்பூர் ஆகிய நகரங்களில் தொழில்நுட்ப உதவி மையங்களை அமைத்து, அந்தந்த வட்டாரத்து வல்லுநர்களையே அனுப்பத் தொடங்கியது. நல்ல மாற்றம். ஆனாலும் வந்தவரில் பலர் எழுதிக்கொடுத்தது அதே விண்ணப்பத்தைத்தான்.

பெப்ஃபாரின் வழி வேறு, விளைவு ஒன்றே. ஒவ்வொரு சிகிச்சை மையத்திலிருந்தும், ஒவ்வொரு காலாண்டும், வயதுவாரியாக, பால்வாரியாக எண்கள் அதன் சொந்தத் தரவுத்தளத்துக்குப் போயாக வேண்டும். நாட்டின் பதிவு முறை இன்னொரு பக்கம் நடக்கும். ஒரே செவிலி இரண்டு எசமானர்களுக்குக் கணக்கு எழுதுகிறார். அந்த எழுத்தைச் சரிபார்க்க ஒருவர், அவருக்குப் பயிற்சி தர இன்னொருவர். இதற்கும் தொழில்நுட்ப உதவி என்றுதான் பெயர்.

எப்படி இருந்திருக்கலாம் என்பதற்கு மலாவி சாட்சி. 2004இல் அங்கே ஒரு லட்சம் பேருக்கு இரண்டு மருத்துவர்கள்கூட இல்லை. அந்த நிலையில் குளோபல் ஃபண்ட் பணத்தோடு எச்.ஐ.வி.க்கான இலவச மருந்துச் சிகிச்சை (ஏஆர்டி) தொடங்கியது. அமைச்சகத்தின் எச்.ஐ.வி. பிரிவுக்குள் ஆலோசகராக உட்கார்ந்தவர்களில் ஒருவர் ஆந்தனி ஹாரீஸ். அதற்கு முன் அந்நாட்டின் காசநோய்த் திட்டத்தில் வேலை செய்தவர். காசநோய்க்குப் பழகிய முறையையே எச்.ஐ.வி.க்கும் கொண்டுவந்தார்கள். எல்லாருக்கும் ஒரே முதல்நிலை மருந்து. மூன்று மருந்துகள் சேர்ந்த ஒற்றை மாத்திரை, அதுவும் இந்தியாவின் சிப்லா தயாரித்தது. எல்லா மையங்களிலும் ஒரே பதிவேடு, ஒரே நோயாளி அட்டை. மருத்துவர் இல்லாத இடத்தில் மருத்துவ உதவியாளர்களும், பின்னர் செவிலியரும் சிகிச்சையைத் தொடங்கிவைத்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மேற்பார்வைக் குழு நாட்டின் எல்லா மையங்களுக்கும் போனது. பதிவேட்டை ஊழியரோடு உட்கார்ந்து எண்ணியது. எத்தனை பேர் உயிரோடு மருந்தில் இருக்கிறார்கள், எத்தனை பேர் இறந்தார்கள், எத்தனை பேர் வராமல் நின்றார்கள் என்ற கணக்கு அங்கேயே முடிந்தது. அடுத்த காலாண்டுக்கு எவ்வளவு மருந்து அனுப்ப வேண்டும் என்பதும் அந்தக் கணக்கிலிருந்தே வந்தது. எண் எடுத்தவருக்கே அந்த எண் பயன்பட்டது. இதைவிடச் சிறந்த தொழில்நுட்ப உதவியை நான் அறியேன்.

அதன் பலன் 2011இல் தெரிந்தது. தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்று பரவாமல் தடுக்க உலகச் சுகாதார நிறுவனம் 2010இல் தந்த வழிகாட்டுதல், எந்தக் கர்ப்பிணிக்கு வாழ்நாள் சிகிச்சை என்பதை நோயெதிர்ப்பு அணுக்களை எண்ணும் சிடி4 பரிசோதனையை வைத்துத் தீர்மானிக்கச் சொன்னது. மலாவியின் பெரும்பாலான கிராமச் சுகாதார நிலையங்களில் அந்த வசதியே அப்போது இல்லை. அன்று ஒரு பெண் சராசரியாக ஐந்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பெற்ற நாட்டில், ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் மருந்தைத் தொடங்கி நிறுத்தச் சொல்வதும் அர்த்தமற்றது. எனவே பரிசோதனைக்குக் காத்திராமல், தொற்றுள்ள எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் வாழ்நாள் சிகிச்சை என்று மலாவி தானே முடிவெடுத்தது. அதுதான் ‘ஆப்ஷன் பி பிளஸ்’. 2011இன் இரண்டாம் காலாண்டில் சிகிச்சை தொடங்கிய இப்படிப்பட்ட பெண்கள் 1,257 பேர். 2012இன் மூன்றாம் காலாண்டில் 10,663 பேர். கர்ப்ப காலத்தில் தொடங்கியவர்களில் கணிசமானோர் மறுபடி வரவில்லை என்ற குறையும் அதே பதிவேடுகளிலிருந்துதான் வெளிவந்தது. 2013இல் உலகச் சுகாதார நிறுவனமே இந்த வழிக்கு வந்தது. இதற்குச் சற்று முன்புதான் குளோபல் ஃபண்டின் பத்தாம் நிதிச் சுற்றில் மலாவியின் எச்.ஐ.வி. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருந்தது. விண்ணப்பம் எழுதும் கலையில் தோற்ற நாடு, உலகம் பின்பற்றிய கொள்கையை வகுத்தது.

அந்த அமைச்சகத்துக்குள் இருந்த ஆலோசகர்களும் வெளிநாட்டார்தானே, அவர்களின் சம்பளமும் வெளிப்பணம்தானே என்று கேட்கலாம். ஆம். ஆகவேதான் பணம் எங்கிருந்து வருகிறது என்பதைவிட, நாளைய வேலையை யார் சொல்கிறார்கள் என்பது முக்கியம் என்கிறேன். அவர்கள் ஆண்டுக்கணக்கில் இருந்தார்கள். கேள்விகள் அங்கிருந்த சுகாதார நிலையங்களிலிருந்து வந்தன. வேண்டியவர் கேட்டு வருவதற்குப் பதிலாக, தருபவர் திணிப்பதாகவே தொழில்நுட்ப உதவி ஆப்பிரிக்காவில் நடக்கிறது என்று ஐ.நா. வளர்ச்சித் திட்டத்துக்காக (யுஎன்டிபி) பொருளியலாளர் எலியட் பெர்க் 1993இலேயே எழுதிவிட்டார். எச்.ஐ.வி.க்கான பெரும்பணம் வருவதற்குப் பத்தாண்டு முன்பு சொல்லப்பட்ட பாடம் அது. படித்துவிட்டுத்தான் மீறினார்கள் என்று சொல்லவே எனக்குத் தோன்றுகிறது.

ஆளைப் பிடுங்கிக்கொள்வது இன்னொரு கேடு. 2004இல் மலாவி தன் சுகாதார ஊழியர்கள் ஓடிப்போகாமல் இருக்க 52 விழுக்காடு கூடுதல் ஊதியம் தரும் அவசரத் திட்டத்தைத் தொடங்க வேண்டிவந்தது. அவர்களை இழுத்தது வெளிநாடு மட்டுமல்ல. அதே ஊரில், அதே நன்கொடையில் இயங்கும் திட்ட அலுவலகங்களும்தான். அரசு மருத்துவமனையில் அனுபவம் பெற்றவர் திட்ட அலுவலகத்துக்குப் போய், தான் விட்டுவந்த மருத்துவமனைக்குத் ‘திறன் வளர்க்க’ வருகிறார். இதைக் குற்றமாகவே எண்ணாத அளவுக்கு எல்லாரும் பழகிவிட்டார்கள்.

முடிவில்லாமல் வளர்வது மற்றொரு கேடு. குளோபல் ஃபண்டுக்கு பிரான்ஸ் தரும் பங்களிப்பில் 5 விழுக்காட்டை ஒதுக்கி, 2011இல் ஒரு தொழில்நுட்ப உதவித் திட்டம் தொடங்கப்பட்டது. பிரெஞ்சு பேசும் நாடுகள் விண்ணப்பப் போட்டியில் பின்தங்கின என்ற காரணம் உண்மையானது. அந்த 5 பின்னர் 7 ஆனது, 9 ஆனது. 2023இல் 20 ஆனது. நடத்துவது பிரான்சின் அரசு நிறுவனம். உதவி வெற்றி பெற்றால் அதன் தேவை குறைய வேண்டுமே, ஏன் கூடிக்கொண்டே போகிறது? இந்தக் கேள்விக்கு நான் கேட்ட பதில்கள் எல்லாம் நிறுவனம் வளர்ந்த கதையாகவே இருக்கின்றன.

வெளியேறும் நாளை முன்கூட்டியே நினைத்தவர்கள் இல்லாமலில்லை. கேட்ஸ் அறக்கட்டளை தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் 2003இல் தொடங்கிய எச்.ஐ.வி. தடுப்புத் திட்டமான ஆவாஹன், தன் களப்பணிகளை 2009 முதல் மூன்று கட்டமாக, முதலில் பத்தில் ஒரு பங்கு, பிறகு ஐந்தில் ஒரு பங்கு, கடைசியில் மீதி என்று இந்திய அரசிடம் ஒப்படைத்தது. அரசின் செலவு வரம்புக்கும் விதிமுறைக்கும் ஏற்ப ஒப்படைப்புக்கு முன்பே தன்னை மாற்றிக்கொண்டது. இந்தியாவிடம் பணமும் ஆளும் இருந்தன, மலாவியிடம் இல்லை என்பது சரிதான். ஆனால் நாள் குறிப்பதற்குப் பணம் தேவையில்லை.

இப்போது அமெரிக்கா நாடுகளோடு தனித்தனி ஒப்பந்தம் போட்டு, மருந்தையும் களப்பணியாளரையும் காப்பாற்றுவோம் என்கிறது. மருந்தும் அல்லாத, களப்பணியாளர் சம்பளமும் அல்லாத எல்லாம் அந்த 60 விழுக்காட்டுக்குள் அடக்கம். ஓட்டல் பட்டறையும் அதில்தான் வரும், காலாண்டு மேற்பார்வைக்குப் போகும் வண்டியின் எரிபொருளும் அதில்தான் வரும். வாஷிங்டனில் கத்தரி வைப்பவருக்கு இரண்டும் ஒரே வரி. பட்டறைக்குப் பேச வலுவான ஒப்பந்த நிறுவனங்கள் இருக்கின்றன. மேற்பார்வைக்குப் பேச மாவட்டச் சுகாதார அலுவலர் மட்டும்தான். எதை வெட்டுவது என்று தீர்மானிக்கும் உரிமை மலாவியின் தலைநகர் லிலோங்வேயில் உள்ள அமைச்சகத்துக்கு வேண்டும். தொழில்நுட்ப உதவிக்கான தொகை முழுவதும் அதன் கணக்கில் வரட்டும். வேண்டிய ஆலோசகரை அது வைத்துக்கொள்ளட்டும், வேண்டாதவரை அனுப்பட்டும், மிச்சத்தில் செவிலியரை நியமிக்கட்டும். தணிக்கை எவ்வளவு கடுமையாக வேண்டுமானாலும் நடக்கட்டும். உகாண்டாவுக்குப் பின் அதை எந்த அமைச்சகமும் மறுக்க முடியாது. தங்கள் உதவி இன்றியமையாதது என்று வாதிடும் நிறுவனங்கள் இந்த ஒரு ஏற்பாட்டுக்கு ஒப்புக்கொள்ளட்டும். அதன் பிறகும் எத்தனை ஆலோசகர்கள் அழைக்கப்படுகிறார்கள் என்று பார்ப்போம்.