கழற்றிய தோடும் கிறிஸ்தவ சுயாதீனமும்

பெந்தெகொஸ்தே சபைகள் பலவற்றில், ஞானஸ்நானத்துக்குப் பெயர் கொடுக்கும் பெண்ணிடம் முதலில் எதிர்பார்க்கப்படுவது, அவள் நகைகளைக் கழற்றிவிட வேண்டும் என்பதே. தோடு, மூக்குத்தி, வளையல், கொலுசு, மெட்டி என்று ஒவ்வொன்றாக இறங்கும். சில சபைகளில் தாலியும் இறங்கும். பிறகு அவளை ஊரார் அடையாளம் காண்பது தூர்ந்துகொண்டிருக்கும் காதுத் துளையை வைத்துத்தான். இதை 'வேறுபாட்டின் ஜீவியம்' என்று சபை சொல்கிறது. உலகத்தின் பிடியிலிருந்து விடுபட்டதற்கு அடையாளம் என்கிறது. வெளியே இருப்பவர்களுக்கோ இது பெண்ணைக் கட்டுப்படுத்தும் இன்னொரு சட்டம். இரண்டு பார்வையிலும் உண்மை உண்டு என்று சொல்லிவிட்டு நகர்வது எளிது. ஆனால் விடுதலை என்ற சொல்லைத் தன் நற்செய்தியின் நடுவில் வைத்திருக்கும் ஒரு சமயத்தில், இந்த வழக்கம் எந்த இடத்தில் விடுதலை, எந்த இடத்தில் அடிமைத்தனம் என்று பிரித்துப் பார்க்க வேண்டிய கடமை இருக்கிறது. பொன்னைத் துறப்பது விசுவாசத்தின் கனியாக இருக்கும்வரை அது பெரும் பலம். அதுவே விசுவாசிக்கு நுழைவுக் கட்டணமாக மாறும்போது, எந்தச் சுயாதீனத்துக்குச் சாட்சியாக நிற்கிறதோ அதையே மறுத்துவிடுகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இந்த வழக்கம் தமிழ்நாட்டிலோ கேரளத்திலோ முளைத்ததல்ல. 1743இல் ஜான் வெஸ்லி தம் மெதடிஸ்ட் சங்கங்களுக்கு வகுத்த பொதுவிதிகளில், பொன்னும் விலையுயர்ந்த ஆடையும் தவிர்க்கப்பட வேண்டியவற்றின் பட்டியலில் இருந்தன. அந்த மெதடிஸ்ட் மரபிலிருந்து அமெரிக்காவின் பரிசுத்த இயக்கங்கள் கிளைத்தன. அவற்றின் மடியில்தான், 1906இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து அசூசா தெரு எழுப்புதல் நிகழ்ந்தது. அந்த அலை நம் பக்கம் வந்தபோது துறவை மதிக்கும் மண் அதை வரவேற்றது. 1924இல் இலங்கையில் தொடங்கிய சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன் அதை இன்னும் கடுமையாக்கியது: வெள்ளை உடை, மணம் செய்யாத ஊழியர்கள், கூட்டுவாழ்வு நடக்கும் விசுவாச வீடுகள், நகை அணியாத விசுவாசிகள். வேத ஆதாரமும் கைவசம் இருந்தது. தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தின் இரண்டாம் அதிகாரமும், பேதுருவின் முதல் நிருபத்தின் மூன்றாம் அதிகாரமும் பெண்களின் அலங்காரம் பொன்னிலும் முத்திலும் இருக்கக் கூடாது என்கின்றன. சீயோன் குமாரத்திகளின் நகைகளை ஏசாயா ஒன்றுவிடாமல் எண்ணிக் கண்டிக்கிறார். யாக்கோபு பெத்தேலுக்குப் புறப்படுமுன் தன் வீட்டாரின் காதணிகளை அந்நிய தேவர்களோடு சேர்த்துச் சீகேம் அருகே ஒரு மரத்தடியில் புதைக்கிறான்.

இதன் பலத்தைக் குறைத்து மதிப்பிடுபவர்கள் நம் சமூகத்தில் பொன் என்ன வேலை செய்கிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். இங்கே பொன் வெறும் அலங்காரமல்ல. பெண் வீட்டாரின் தகுதி பவுனில் பேசப்படுகிறது. 1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டம் இருந்தும், 'எத்தனை பவுன் போடுவீர்கள்' என்ற கேள்வி கிறிஸ்தவக் குடும்பங்களிலும் கூச்சமின்றிக் கேட்கப்படுகிறது. அடகுக்கடைக்கும் கல்யாண வீட்டுக்கும் நடுவே ஓய்ந்துபோகும் குடும்பங்கள் ஏராளம். இந்தச் சூழலில், கழுத்தில் ஒன்றும் இல்லாமல் மணமேடையில் நிற்கும் ஒரு பெண், ஊரே தலைவணங்கும் ஒன்றுக்கு நான் தலைவணங்கவில்லை என்று பேச்சில்லாமல் சொல்லிவிடுகிறாள். ஆராதனைக்கு வரும் கூலித் தொழிலாளிப் பெண்ணும் கடை முதலாளியின் மனைவியும் ஒரே பாயில் உட்காரும்போது, யார் எவ்வளவு போட்டிருக்கிறார் என்ற கணக்கு கண்ணில் படுவதில்லை. அதைவிட ஆழமான ஒரு பயன் உண்டு. அதைப் பேசுபவர்கள் குறைவு. வளையலும் மெட்டியும் தாலியும் பறிக்கப்பட்டதால் தனித்து நிற்கும் கைம்பெண், எல்லாப் பெண்களும் நகையின்றி இருக்கும் சபையில் தனித்து நிற்பதில்லை. சுமங்கலிக்கும் அவளுக்கும் வேறுபாடு காட்டும் குறியே அங்கே இல்லை. கைம்பெண்ணின் பக்கமாகச் சுமங்கலிகளைக் கொண்டுவந்து நிறுத்திய வழக்கம் தமிழ்ச் சமூகத்தில் வேறு எது?

ஆனாலும் நகையைக் கழற்றுவதே விடுதலை என்று பொதுவிதி எழுதிவிட முடியாது என்பதை நம் வரலாறே காட்டுகிறது. பழைய திருவிதாங்கூரில் தாழ்த்தப்பட்ட சாதியினர் பொன் நகை அணியத் தடை இருந்தது. மார்பை மறைக்கும் உரிமைக்காக நாடார் பெண்கள், அவர்களில் கிறிஸ்தவர்கள் முன்னணியில் நிற்க, பல பத்தாண்டுகள் போராடினார்கள். 1859இல்தான் அரச ஆணை வந்தது, அதுவும் உயர்சாதிப் பெண்களைப்போல் அணியக் கூடாது என்ற நிபந்தனையோடு. அந்தப் பெண்களுக்கு அணிவதுதான் விடுதலை. அதே திருவிதாங்கூரில், 1915இல் கொல்லம் அருகே பெரிநாட்டில், புலையர் தலைவர் அய்யன்காளியின் அழைப்பை ஏற்றுப் புலையர் பெண்கள் தங்கள் சாதிக்குறியாகத் திணிக்கப்பட்டிருந்த கல்மாலைகளை அறுத்தெறிந்தார்கள். அவர்களுக்குக் கழற்றுவதுதான் விடுதலை. ஆக, கழுத்தில் கிடப்பது எது என்பதல்ல கேள்வி. யாருடைய கட்டளையால் அது கிடக்கிறது, யாருடைய கட்டளையால் இறங்குகிறது என்பதே கேள்வி. அணியக் கூடாது என்று சாதி சொன்னதும் ஆணை. கழற்றினால்தான் ஞானஸ்நானம் என்று சபை சொல்வதும் ஆணை. நோக்கம் எவ்வளவு வேறுபட்டாலும், கீழ்ப்படியும் பெண்ணுக்குத் தேர்வு இல்லை என்பதில் இரண்டும் ஒன்றே.

வேத ஆதாரத்தையும் முழுமையாக வைத்துப் பார்க்க வேண்டும். ஈசாக்குக்குப் பெண் பார்க்கப் போன ஆபிரகாமின் வேலைக்காரன் ரெபெக்காளுக்கு மூக்கணியும் பொற்கடகங்களும் பூட்டித் தேவனை ஸ்தோத்தரிக்கிறான். எசேக்கியேல் பதினாறாம் அதிகாரத்தில், கைவிடப்பட்ட குழந்தையை எடுத்து வளர்த்து அவளுக்குக் கடகமும் காதணியும் அணிவிப்பவர் தேவனே. திரும்பி வந்த இளைய குமாரனின் விரலில் தகப்பன் மோதிரம் போடச் சொல்கிறான். யாத்திராகமத்தில் காதணிகள் ஒருமுறை கன்றுக்குட்டியாகின்றன, இன்னொருமுறை ஆசரிப்புக் கூடாரமாகின்றன. இவற்றையெல்லாம் ஒதுக்கி இரண்டு வசனங்களை மட்டும் விதியாக்கினால், அந்த இரண்டையாவது முழுதாகக் கைக்கொள்ள வேண்டும். அந்த வசனங்கள் பொன்னோடு சேர்த்து மயிர் பின்னுவதையும் விலையேறப்பெற்ற ஆடையையும் சொல்கின்றன. நகையில்லாத சபைகளில் பின்னல் இருக்கிறது, பட்டுச்சேலை இருக்கிறது. பேதுருவின் வசனம் உடை உடுப்பதையே அந்தப் பட்டியலில் சேர்க்கிறது. அதை நேரடித் தடையாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. அப்படியானால் அப்போஸ்தலர்கள் சொன்னது தடைப்பட்டியல் அல்ல. உன் மதிப்பை எங்கே தேடுகிறாய் என்ற கேள்வி. அந்தக் கேள்வியைப் பொருளின் மேல் மட்டும் ஏற்றிவிட்டால், கேள்வி மறைந்து பொருள் மட்டும் மிஞ்சும்.

இந்தச் சிக்கலுக்கு மிகத் தெளிவான முன்மாதிரி பவுலின் வாழ்க்கையிலேயே இருக்கிறது. கிரேக்கனான தீத்துவுக்கு விருத்தசேதனம் செய்தாக வேண்டும் என்று எருசலேமில் நெருக்கடி வந்தபோது, பவுல் ஒரு நாழிகையும் இணங்கவில்லை என்று கலாத்தியர் இரண்டாம் அதிகாரத்தில் படிக்கிறோம். அதே பவுல் லீஸ்திராவில் தீமோத்தேயுவுக்குத் தாமே விருத்தசேதனம் செய்விக்கிறார் என்று அப்போஸ்தலர் நடபடிகள் பதினாறாம் அதிகாரம் சொல்கிறது. செயல் ஒன்றே, ஒருவனுக்கு மறுக்கப்பட்டது, மற்றவனுக்குச் செய்யப்பட்டது. முரண்பாடு போலத் தெரிவதுதான் இதன் சாரம். தீத்துவிடம் அது இரட்சிப்பின் நிபந்தனையாகக் கேட்கப்பட்டது. இணங்கியிருந்தால் நற்செய்தியே விழுந்திருக்கும். தீமோத்தேயுவிடம் அது நிபந்தனையல்ல. யூதர்கள் நடுவே ஊழியத்துக்குத் தடை வராமல் இருக்க அன்பினால் ஏற்ற சுமை. 1520இல் லூத்தர் கிறிஸ்தவ சுயாதீனத்தைப் பற்றி எழுதிய சிறுநூலின் இரட்டை வாதமும் இதுவே: விசுவாசத்தினால் கிறிஸ்தவன் யாருக்கும் அடிமையல்ல, அன்பினால் எல்லாருக்கும் ஊழியக்காரன். நகையைக் கழற்றும் பெண் தீமோத்தேயுவாக இருக்கலாம். தீத்துவிடம் கேட்கப்பட்டதுபோல் அதை அவளிடம் நிபந்தனையாகக் கேட்க எந்தச் சபைக்கும் உரிமை இல்லை.

வழக்கம் விதியானதும் அதன் குறைகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிப்படுகின்றன. முதலாவது, சுமையில் பெரும்பங்கு பெண்ணின் தலையில் விழுகிறது. ஆண் கழற்ற வேண்டியது மிஞ்சினால் ஒரு மோதிரமும் சங்கிலியும். அவனுடைய விலையுயர்ந்த கைக்கடிகாரத்தையும் காரையும் பரிசுத்தக் குறைவாக எண்ணுபவர்கள் குறைவு. இரண்டாவது, மற்ற சமயக் குடும்பத்திலிருந்து ஒரே விசுவாசியாகச் சபைக்கு வரும் மருமகள் தாலியைக் கழற்றினால், அதைப் புருஷனுக்குச் செய்த கேடாகவே மாமியார் எடுத்துக்கொள்வார். கழற்றாவிட்டால் சபையில் அவள் அரைகுறை விசுவாசி. இரண்டு பக்கமும் தண்டிக்கப்படுபவள் அவளே. மூன்றாவது, நகை போனதால் வரதட்சணை போய்விடுவதில்லை. பவுன் பேச்சு ரொக்கப் பேச்சாகவும் மனைப் பேச்சாகவும் மாறிக்கொள்ளும். வரன் விளம்பரத்தில் 'நகை அணியாத மணமகள்' என்று கேட்கப்படும்போது, உலகத்தைத் துறந்ததற்கான அடையாளமே கல்யாணச் சந்தையின் இன்னொரு தகுதியாகிவிடுகிறது. நான்காவதுதான் மிக மோசமானது: தன் கையில் வளையல் இல்லை என்பதை வைத்து, வளையல் அணிந்தவளைத் தாழ்வாகப் பார்க்கும் கண். பெருமையை ஒழிக்க வந்த வழக்கம் பெருமைக்குப் புது இடம் தேடிக்கொடுக்கிறது. தொடாதே, ருசிபாராதே என்னும் கட்டளைகள் ஞானம்போலத் தோன்றினாலும் மாம்ச இச்சையை அடக்க உதவாதவை என்று கொலோசெயருக்கு எழுதியவர் இதை நன்றாக அறிந்திருந்தார்.

இதற்கு எதிர்வாதங்கள் உண்டு. அவை லேசானவையும் அல்ல. முதல் வாதம்: விதி இல்லாவிட்டால் சுயாதீனம் மாம்சத்துக்குச் சாக்காகிவிடும் என்று கலாத்தியர் ஐந்தாம் அதிகாரமே எச்சரிக்கிறதே? எச்சரிக்கிறது. ஆனால் அதற்கு மருந்தாகப் பவுல் புதிய விதியைத் தரவில்லை. அன்பினால் ஒருவருக்கொருவர் ஊழியம் செய்யுங்கள் என்கிறார். இரண்டாம் வாதம்: பலவீனமான சகோதரனுக்கு இடறல் வராதபடி தன் உரிமையை விட்டுக்கொடுக்கச் சொல்லும் ரோமர் பதினாலாம் அதிகாரம் நகைக்கும் பொருந்தாதா? பொருந்தும். ஆனால் விட்டுக்கொடுப்பது உரிமை உள்ளவரின் செயல். உரிமையே இல்லை என்று முன்கூட்டிச் சொல்லிவிட்டால், விட்டுக்கொடுக்க அவரிடம் என்ன மிச்சம்? அதே அதிகாரம் புசியாதவன் புசிக்கிறவனைக் குற்றவாளியாகத் தீர்க்கக் கூடாது என்றும் சொல்கிறது. அந்தப் பாதி அவ்வளவாகப் பிரசங்கிக்கப்படுவதில்லை. மூன்றாம் வாதம்: எல்லாரும் ஒரேவிதமாக இருந்தால்தான் சாட்சி வலுப்படும். இதற்குக் குவேக்கர்களின் வரலாறு பதில் சொல்கிறது. எளிய உடையை மாயைக்கு எதிரான சாட்சியாகத் தொடங்கிய அந்த இயக்கம், அரை நூற்றாண்டுக்குள் உடையின் நிறத்தையும் வெட்டையும் கண்காணிக்கும் நிலைக்கு வந்துவிட்டது. 1700இல், எண்பதைக் கடந்த வயதில், அவ்வியக்கத்தின் தாயாக மதிக்கப்பட்ட மார்கரெட் ஃபெல், ஒரே நிற உடைக்குள் எல்லாரையும் அடைப்பது நற்செய்தியைச் சிறுமைப்படுத்துவது என்று வெளிப்படையாகக் கண்டித்தார். சாட்சி சீருடையாகும்போது வெளியிலிருப்பவர் காண்பது கிறிஸ்துவை அல்ல, ஒரு கூட்டத்தின் அடையாளத்தைத்தான்.

இவ்வளவும் சொன்ன பிறகு, நகை அணியும் மற்றத் திருச்சபைகள் பெருமைப்பட்டுக்கொள்ள ஒன்றுமில்லை. 'எங்களுக்குக் கட்டுப்பாடு இல்லை, நாங்கள் கிருபையில் இருக்கிறோம்' என்பவர்களின் கல்யாண மண்டபத்தில் பொன்னின் ஆட்சியைப் பார்க்கலாம். பெந்தெகொஸ்தே பெண்ணின் வெறுங்கழுத்தைக் கேலி செய்யும் குடும்பம், மகளுக்குப் பவுன் சேர்க்கக் கடன் வாங்கி வட்டி கட்டிக்கொண்டிருக்கும். அணியலாம் என்ற அனுமதி இருக்கிறது. அணியாமல் வர முடியும் என்ற துணிவு இல்லை. அதுவும் சுயாதீனம் அல்ல. கழற்றவே முடியாதவளும் அணியவே கூடாதவளும் ஒரே பொன்னின் இரு பக்கத்து அடிமைகள்.

ஆகவே என் தீர்ப்பு இது. நகை துறக்கும் வழக்கம் ஒழிய வேண்டியதல்ல. பொன் மோகம் பிடித்த சமூகத்துக்கு அது அவசியமான சாட்சி. ஆனால் அது பொருத்தனையாக இருக்க வேண்டும். எண்ணாகமம் ஆறாம் அதிகாரத்து நசரேயன் தானே விரும்பி விரதம் ஏற்றான். திராட்சரசம் குடித்த மற்ற இஸ்ரவேலன் அதனால் தீட்டானவனாகவில்லை. அந்த ஒழுங்கைச் சபைகள் எடுத்துக்கொள்ளலாம். ஞானஸ்நானத்துக்கும் திருவிருந்துக்கும் விசுவாச அறிக்கையைத் தவிர வேறு நிபந்தனை வைக்கக் கூடாது. துறக்க விரும்பும் பெண்ணைச் சபை தாங்கட்டும். துறக்காதவளை அதே அன்போடு ஏற்கட்டும். கண்டிப்பு காட்ட ஆசைப்படும் போதகர்கள் அதை வரதட்சணை வாங்கும் மாப்பிள்ளை வீட்டாரிடம் காட்டட்டும். பவுனாகவோ ரொக்கமாகவோ மனையாகவோ வரதட்சணை பேசிய திருமணத்தை நடத்திவைக்க மாட்டேன் என்று ஒரு போதகர் சொல்லும் நாளில்தான் பொன்னிலிருந்து விடுதலை என்ற பேச்சுக்குச் சபையில் முழு அர்த்தம் வரும்.