ஏ4 தாளின் அழகு

ஒரு ஏ4 தாளைக் குறுக்கே சரிபாதியாக மடியுங்கள். மடித்ததை 90 பாகை சுழற்றி, இன்னொரு முழுத் தாளின் இடது கீழ் மூலையோடு மூலை பொருந்த வையுங்கள். அந்த மூலையிலிருந்து பெரிய தாளின் எதிர்மூலைக்கு ஸ்கேலால் ஒரு கோடு இழுத்தால், அது சின்னத் தாளின் மூலையைத் தொட்டுக்கொண்டே போகும்.

நகர்த்தி, சுழற்றி, எல்லாப் பக்கமும் ஒரே விகிதத்தில் பெரிதாக்கி, ஒன்றின் மேல் மற்றொன்றைக் கச்சிதமாகப் பொருத்த முடிந்தால் இரண்டும் வடிவொத்தவை. இங்கே பெருக்க வேண்டிய எண் √2, ஏறத்தாழ 1.414. பத்திரங்களுக்குப் பயன்படும் லீகல் தாளில் இதையே செய்துபாருங்கள். மூலை கோட்டை விட்டு விலகி நிற்கும்.

இந்த விகிதத்தின் சிறப்பை 1786-இல் ஒரு கடிதத்தில் எழுதியவர் ஜெர்மன் அறிஞர் லிக்டன்பெர்க். 1922-இல் வால்டர் போர்ஸ்ட்மன் முயற்சியால் அது ஜெர்மனியின் தாள் தரமாயிற்று. ஒரு சதுர மீட்டர் பரப்புள்ள ஏ0 தாளை நான்கு முறை பாதியாக்கினால், 210-க்கு 297 மி.மீ. அளவில் நம் ஏ4 வந்துவிடும்.

ஜெராக்ஸ் கடையில் ஏ3 வரைபடத்தை ஏ4-க்குச் சுருக்க 71% என்று தட்டுகிறார்களே, அதுவும் இதே விகிதம்தான். ஓரம் வெட்டுப்படுவதில்லை, வட்டம் நசுங்குவதில்லை, கோணம் மாறுவதில்லை. பள்ளிக்கூட வடிவியல் இவ்வளவு நேர்த்தியாக அன்றாடம் கைக்கு வருவது வேறு எதிலும் அரிது.