தகவல்: குடும்பத்தினர்

யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகளில் வெளிவரும் மரண அறிவித்தல்களைக் கூர்ந்து நோக்குவோர், இறந்தவரின் பிறப்பிடம், வதிவிடம், இன்னாரின் மகன், இன்னாரின் மருமகன், இன்னாரின் அன்புக் கணவர் என அடுக்கிச் செல்லும் உறவுமுறைகள், கிரியை நடைபெறும் நேரம், மயானத்தின் பெயர் ஆகிய யாவும் முடிந்தபின், அடியில் ‘தகவல்: குடும்பத்தினர்’ என்றொரு சிறு வரி கிடப்பதைக் கண்டிருப்பர். பார்வைக்கு அற்பமான அந்த வரியே முழு அறிவித்தலுக்கும் உத்தரவாதம். பத்திரிகையும் வானொலியும் வருவதற்கு முன்னர், இழவு சொல்லப் போனவனும் படலையில் நின்றபடி, தன்னை அனுப்பிய வீடு எதுவென்பதைச் சொல்லாமல் திரும்பியதில்லை.

இவ்வரியை அளவுகோலாகக் கொண்டு, 2020ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5ஆந் திகதி முதல் செப்டெம்பர் 25ஆந் திகதி வரை, பாடகர் எஸ்.பி.பாலசுப்பிரமணியம் சென்னை எம்.ஜி.எம். வைத்தியசாலையில் நோயுற்றுக் கிடந்த 51 நாட்களில், ஒரே செய்தி பல ஊடகங்களின் வாய்ப்பட்டு எவ்வாறெல்லாம் உருமாறியது என்பதை ஆராய விரும்புகிறேன். அவரை நேரிற் காணாத என் போன்றோருக்கும் அவர் குரல் வீட்டுக்குரல். 1969இல் அவர் பாடிய ‘அடிமைப்பெண்’ படம் வெளிவந்த காலந்தொட்டு இலங்கை வானொலி அக்குரலை எங்கள் சுன்னாகத்துத் திண்ணைகளுக்குக் கொண்டுவந்து சேர்த்தது. அவரைத் தெரிந்தெடுத்தமைக்கு வேறொரு காரணமும் உண்டு. அதே ஆண்டு ஜூன் மாத இறுதியில் பாடகி எஸ்.ஜானகி காலமாகிவிட்டார் என்ற பொய்ச்செய்தி பரவியபோது, தாம் அவருடன் பேசியதாகவும் அவர் நலமே இருப்பதாகவும் காணொளியில் தோன்றிச் சொல்லி, வதந்தி பரப்புவோரைக் கடிந்துகொண்டவர் இதே பாலசுப்பிரமணியமே. இரண்டு மாதங்கூடக் கழியாமல் அந்த வலை அவர்மீதே விழுந்தது.

ஆகஸ்ட் 24ஆந் திகதி காலை, சுன்னாகச் சந்தைக்கு அண்மையிலுள்ள தேத்தண்ணிக் கடையொன்றில் நான் பிளேன்ரீயை ஆற்றிக்கொண்டிருந்தபோது, கடைக்காரர் தம் கைத்தொலைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“மாஸ்ரர், பாலுவுக்கு நெகட்டிவாம். இனிப் பயமில்லை.”

“ஆர் சொன்னது?”

“மகன் சொன்னதாமெண்டு போட்டிருக்கு.”

“மகன் எங்க சொன்னவர்?”

“அது தெரியாது. மூண்டு குறூப்பில வந்தது.”

மூன்று குழுக்களில் வந்ததென்பதே அம்மனிதருக்கு மூன்று சாட்சிகளாயிற்று. ஒரே வாயிலிருந்து புறப்பட்ட சொல் மூன்று தெருக்களைச் சுற்றிவந்து மூன்று படலைகளைத் தட்டினால், அதனை மூவர் சொன்னதாக எண்ணும் மயக்கம் மனித இயல்பே. வட்ஸ்அப் என்னும் சாதனம் அந்த மயக்கத்தை உற்பத்தி செய்யும் ஆலையாக இருக்கிறது. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. இந்தியாவின் செய்தித் தளங்களும் தொலைக்காட்சிகளும் பலவாக அன்று அதே செய்தியை மகனின் பெயராலேயே வெளியிட்டிருந்தன. அன்று காலையே மகன் எஸ்.பி.சரண் காணொளியில் தோன்றி, தந்தையாரைப் பற்றிய விவரங்கள் முதலில் தமக்கே சொல்லப்படுகின்றன என்றும், தொற்று இல்லை என்பது வெறும் வதந்தி என்றும், அது இருந்தாலென்ன இல்லாவிட்டாலென்ன, அவர் உயிர்காப்புக் கருவிகளின் துணையோடேயே இருக்கிறார் என்றும் விளக்க நேர்ந்தது.

இவ்விடயத்தில் ஒரு விசித்திரம் உண்டு. செப்டெம்பர் மாத முதல் வாரம் முடிவதற்குள், பரிசோதனையில் தொற்று இல்லையென்பது மெய்யாகவே தெரியவந்தது. 7ஆந் திகதி அதனை அறிவித்தவரும் சரணே. எனவே, ஆகஸ்டிற் சொன்னவர்கள் தாம் சற்று முந்திக்கொண்டதன்றிப் பொய் சொல்லவில்லை என்று வாதிடக்கூடும். அவ்வாதம் செல்லாது. நாளைக்கு மெய்யாகப்போவதை இன்றைக்கு நடந்ததாகச் சொல்பவன் சோதிடனாகலாம், நிருபனாக மாட்டான். அன்றியும், மெய்யான பின்னரும் அந்த ‘நெகட்டிவ்’ அவரைக் காப்பாற்றவில்லை. செய்தி பிழைத்ததோடு, செய்தியின் மையம் எதுவென்ற நிதானமும் பிழைத்தது. நுரையீரல் எவ்வாறிருக்கிறது என்று கேட்கவேண்டிய நேரத்தில் எல்லோரும் பரிசோதனைத் தாளைக் கேட்டுக்கொண்டிருந்தனர்.

இதற்கு நேரெதிர்த் துருவத்தில் நின்றது வைத்தியசாலையின் அறிக்கை. கடிதத்தாள், திகதி, ஒப்பம், நாலைந்து வாக்கியங்கள், அவ்வளவே. தகவல் வரி அதனிடம் பூரணமாக இருந்தது. ஆயினும் நாள்தோறும் ஏறத்தாழ ஒரே வாசகத்தைத் திரும்பச் சொன்ன அவ்வறிக்கை, பாமர ரசிகனுக்கு ஒன்றையுமே சொல்லவில்லை என்னுங் குறையை மறுக்க முடியாது. வெற்றிடத்தை விரும்பாத ஊகம் அவ்விடத்தை வந்து நிரப்பிற்று. அன்றி, ஆங்கிலத்திலிருந்த அறிக்கை தமிழுக்கு வந்தபோது ஒரு நுட்பமான பிழையும் நேர்ந்தது. மருத்துவர் ‘ஸ்டேபிள்’ என்று எழுதினால், நேற்றிருந்த நிலையினின்று மாற்றமில்லை என்பதே கருத்து. மோசமான நிலையும் மாறாமல் இருக்கலாம். தமிழ்த் தலைப்புகளோ ‘உடல்நிலை சீராக உள்ளது’ என்றன. சீர் என்ற சொல்லோ செம்மையையும் நலத்தையும் உடன் கொண்டுவருவது. சீரும் சிறப்பும் என்று வாழ்த்திப் பழகிய செவிக்கு, சீராக இருக்கிறார் என்றால் நாளைக்கு வீடு திரும்பிவிடுவார் என்றே படும். பொய் சொல்லும் எண்ணம் எவருக்கும் இல்லாமலே, ஒரு சொல்லின் வழியாக இலட்சக்கணக்கானோர் ஏமாந்தனர். இலக்கண ஆசிரியர் அ.குமாரசுவாமிப் புலவர் வாழ்ந்த ஊரில் இருந்துகொண்டு இதனைச் சிறு பிழையென்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

புதிய ஊடகங்களைப் பழித்து மாத்திரம் எழுதுவது என்னை ஒத்த வயதினருக்கு எளிதான பொழுதுபோக்கு, ஆனால் நியாயமாகாது. ஆகஸ்ட் 5ஆந் திகதி, தமக்கு இலேசான தொற்று என்றும், வீட்டாருக்குச் சிரமம் கொடாதிருக்கவே வைத்தியசாலைக்கு வந்திருப்பதாகவும் முகநூலில் அறிவித்தவர் பாலசுப்பிரமணியம் அவர்களேயாவர். பின்னர் அவர் நிலை மோசமானதும் தந்தை பேசிய இடத்தில் மகன் வந்து நின்று, பூச்சில்லாத முகத்தோடு, சில நாட்களில் நம்பிக்கையும் சில நாட்களிற் சோர்வும் குரலில் தெரியப் பேசினார். இடையில் நிருபரில்லை, ஆசிரியரில்லை, மொழிபெயர்ப்பாளரில்லை. சென்னையிலிருந்து சுன்னாகம் வரை தகவல் வரியே உயிர்பெற்று வந்தது போலிருந்தது. எந்தப் பத்திரிகையாலும் என்றைக்கும் தரமுடியாத பிரத்தியட்சம் அது. அதனை வெட்டி, இரங்கல் இசை சேர்த்து, கண்ணீர்த்துளி வரைந்த முகப்புப் படத்துடன் ‘சற்றுமுன்’ என்று மறுபிரசுரம் செய்த யூடியூப் அலைவரிசைகளின் பாவத்தை மூலக் காணொளியின்மேற் சுமத்தலாகாது.

பழைய ஊடகத்தின் பெருமையை அளவிடுவதற்கு நான் ஊரைவிட்டு வெளியே போகவேண்டியதில்லை. குரும்பசிட்டியிற் பிறந்து, சுன்னாகத்தில் திருமகள் அழுத்தகத்தை நடத்திய நா.பொன்னையா, 1930ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இங்கிருந்துதான் ‘ஈழகேசரி’ வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். அது 1958 வரை வந்தது. கணேசையரின் உரைக்குறிப்புகளோடு தொல்காப்பியத்தைப் பதிப்பித்தவரும் அவரே. வாரத்துக்கொருமுறை வரும் பத்திரிகைக்கு முந்திக்கொள்ளும் ஆசைக்கு இடமேயில்லை. செய்தி ஆறியபின் அதனைப் பதம்பார்த்துப் பரிமாறுவதே அதன் தொழில். அதன் ஆசிரியராயிருந்த சோ.சிவபாதசுந்தரம், பின்னர் இலங்கை வானொலியிலும் பீ.பீ.சி.யிலும் பணிபுரிந்து, பீ.பீ.சி.யின் தமிழ் நிகழ்ச்சிக்குத் ‘தமிழோசை’ என்று பெயரிட்டு, ‘ஒலிபரப்புக் கலை’ என்று ஒரு நூலும் எழுதினார். அச்சுக்கு எழுதுவது வேறு, செவிக்கு எழுதுவது வேறு என்பதை ஒரு கலையாகவே கற்கவேண்டும் என்று கருதிய தலைமுறை அது. இன்று அச்சுக்கும் செவிக்கும் விழிக்கும் ஒரே வாசகத்தை வெட்டி ஒட்டுகிறோம்.

செய்தி பிந்தி வருவதன் வேதனையையும் மறந்துவிடலாகாது. 1987 டிசெம்பர் 24ஆந் திகதி எம்.ஜி.ஆர். மறைந்தபோது, யாழ்ப்பாணத்து நாளேடுகளுள் இரண்டான ‘ஈழமுரசு’, ‘முரசொலி’ ஆகியவற்றின் அச்சியந்திரங்கள் அதற்கு இரண்டரை மாதங்களுக்கு முன்பே இந்திய இராணுவத்தால் தகர்க்கப்பட்டிருந்தன. எங்கள் வீட்டில் அச்செய்தியைச் சொன்னது பற்றரி வானொலி. அதன்பின் படம் பார்க்கவோ, விவரம் படிக்கவோ வழியின்றி, அறிவிப்பாளர் சொன்ன சில வாக்கியங்களையே பல நாட்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்தோம். அக்காலத்தை மீட்டுத் தா என்று எவரும் வரங்கேட்க மாட்டார்கள்.

2020 செப்டெம்பர் 25, வெள்ளிக்கிழமை பிற்பகல் 1.04 மணிக்குப் பாலசுப்பிரமணியத்தின் உயிர் பிரிந்தது. தொலைக்காட்சி தன் பலத்தைக் காட்டிய நாள் அது. வைத்தியசாலை வாசலில் சரண் சொன்ன சொல்லை அவர் வாயிலிருந்தே உலகு கேட்டது. மறுநாள் தாமரைப்பாக்கத்தில் காவற்றுறை மரியாதையோடு நல்லடக்கம். அங்கே ஊடகங்கள் ஒவ்வொன்றும் தத்தம் குணத்துக்கேற்ற காட்சியைப் பொறுக்கிக்கொண்டன. அச்சுப் பத்திரிகைக்கு அரச மரியாதையும் வாழ்க்கைக் குறிப்பும். யூடியூப்புக்கோ, நெரிசலில் ஒரு ரசிகனின் செருப்பை நடிகர் விஜய் எடுத்துக்கொடுத்தமையும், நடிகர் அஜித் வராமையும். வராத ஒருவர் செய்தியின் தலைப்பாவதும், பாடகர் அதன் பின்னணியாவதும் எத்தகைய இரசனை என்று எனக்கு விளங்கவில்லை. நமது யாழ்ப்பாணப் பத்திரிகைகளுக்கு அதே வாரத்தில், உண்ணாவிரதமிருந்து உயிர்நீத்த திலீபனின் நினைவேந்தலுக்கு விதிக்கப்பட்ட தடை, அதையொட்டிய உண்ணாவிரதம், செப்டெம்பர் 28ஆந் திகதிய ஹர்த்தால் எனப் பெருஞ்செய்தி வேறிருந்தது. ஒரு தாளில் இடம் குறைவு என்பதே அதற்கொரு தர்மத்தைக் கற்பிக்கிறது. எதற்கு எத்தனை அங்குலம் என்று ஒருவர் தீர்மானித்தாக வேண்டும். முடிவில்லாத திரைக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது.

ஆனால் எல்லா ஊடகங்களும் ஒற்றுமையாகச் செய்த பிழையொன்று உண்டு. நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் என்ற எண்ணை, அச்சு, ஒலி, ஒளி மூன்றும் ஒரே சுருதியிற் பாடின. 1966இல் தொடங்கிய 54 ஆண்டுகளால் வகுத்தால், ஓய்வு நாளின்றித் தினமும் இரண்டு பாடல்கள். அந்த உழைப்பாளி பாடியுமிருக்கலாம்; ஒரே நாளில் பல பாடல்களைப் பாடிமுடித்தவர் அவர். எனக்குள்ள மனக்குறை அவரிடமன்று. நான் படித்த நினைவுக் கட்டுரைகளுள் ஒன்றிலேனும் அந்த வகுத்தற் கணக்கு இல்லை. யார் எண்ணினார், எங்கே பட்டியல் என்ற கேள்வியும் இல்லை. வட்ஸ்அப் குழுவைப் பழிக்கும் பத்திராதிபரும், மூன்று இடத்தில் வந்ததைச் சாட்சியாகக் கொண்ட தேத்தண்ணிக் கடைக்காரரும் இவ்விடத்தில் ஒரே வாங்கில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

நல்லடக்கம் முடிந்தும் வதந்தி அடங்கவில்லை. வைத்தியச் செலவைக் கட்ட இயலாமற் குடும்பம் தத்தளித்ததாகவும், மேலிடத்தார் தலையிட்டே உடல் விடுவிக்கப்பட்டதாகவும் கதை கிளம்பிற்று. துக்கத்தின் நாலாம் நாள், செப்டெம்பர் 28ஆந் திகதி, தந்தையை இழந்த மகன் வைத்தியசாலையாரோடு நிருபர்முன் அமர்ந்து அதனை மறுக்கவேண்டியதாயிற்று. இதில் அருவருப்புக்குரியது வதந்தி மட்டுமன்று. அதனை முதலில் ஒரு செய்தியாகவும், மறுப்பினை மறுநாள் இரண்டாவது செய்தியாகவும் விற்று, இரண்டிலும் ஆதாயம் கண்ட வியாபாரம்.

என் தீர்ப்பைக் கேட்பீர்களாயின், முதலிடம் சரணின் காணொளிகளுக்கு. அடுத்தது, சொல்லத் தெரியாவிடினும் பொய் சொல்லாத வைத்தியசாலை அறிக்கைக்கு. மூன்றாவது மறுநாட் காலைப் பத்திரிகைக்கு, அதுவும் அதன் முதற்பக்கத்துக்கு மாத்திரம். சினிமாப் பக்கத்துக்கு நான் புள்ளி வழங்குவதாயில்லை. மரண அறிவித்தலைக் கொண்டுவருபவரிடம் உறவுமுறை கேட்டு, தொலைபேசி இலக்கம் வாங்கி, பணமும் பெற்றுக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தையும் சரிபார்த்து அச்சிடும் நமது பத்திரிகைகள், அதே தாளின் சினிமாப் பக்கத்தில் எங்கிருந்தோ பொறுக்கியெடுத்ததை, எவர் சொன்னாரென்ற குறிப்பேயின்றி வெளியிடுகின்றன. யாழ்ப்பாணத்துப் பத்திராதிபர்களிடம் எனக்குள்ள விண்ணப்பம் இது: அப்பக்கத்துச் செய்தி ஒவ்வொன்றின் அடியிலும், மரண அறிவித்தலில் இடுவது போலவே, ‘தகவல்’ என்று எழுதி ஒரு முக்காற்புள்ளி இடுங்கள், அதற்கப்பால் எழுத எதுவும் கிடைக்காத செய்தியை எடுத்துவிட்டு, அவ்விடத்தில் ஒரு விளம்பரத்தைப் போட்டாலும் நான் குறை சொல்ல மாட்டேன்.