பாட்டியைக் கும்பிடுவதும் பாட்டியோடு சண்டை போடுவதும்

'எங்க பாட்டி மாதிரி ஒரு பொம்பளையப் பாக்க முடியாது' என்கிற பேச்சு பெண்ணெழுத்து பற்றிய கூட்டங்களில் அடிக்கடி கேட்கிறது. எனக்கு இதில் சந்தேகம் உண்டு. உறுதியான பெண் என்று கொண்டாடும்போது, அவளை அப்படி உறுதியாக இருக்க நிர்ப்பந்தித்த சாதியும் கூலியும் குடும்பமும் அந்தப் பாராட்டுக்குள்ளேயே பத்திரமாக ஒளிந்துகொள்கின்றன.

பாமாவின் 'சங்கதி' (1994) இதற்கு மாறான பிரதி. கதைசொல்லியின் பாட்டி வெள்ளையம்மாக் கிழவி பிரசவம் பார்ப்பவள்; புருஷன் இலங்கைக்குப் போய்த் திரும்பாததால் தனியாளாக உழைத்துப் பிள்ளைகளை வளர்த்தவள். உறுதிக்கு இதுக்கு மேல என்ன வேணும்? ஆனால் அதே பாட்டிதான் பேத்திகளைவிடப் பேரன்களுக்கு ஒருபடி கூடுதலாகச் செய்கிறாள். பாமா இதை மறைக்கவில்லை. மாரியம்மாவிடம் தவறாக நடக்க முயன்ற நிலக்காரன் தப்பித்துக்கொள்ள, ஊர்க்கூட்டம் அவளுக்கே அபராதம் விதிக்கிறது. பேத்தி கொதிக்கிறாள். பாட்டியின் பட்டறிவோ பெண்பேச்சு அம்பலம் ஏறாது என்பதோடு நின்றுவிடுகிறது. பேத்தியின் கேள்வி அங்கேதான் தொடங்குகிறது.

அப்படியானால் பேத்தி பாட்டியிடமிருந்து எடுத்துக்கொண்டது எதை? ஒழுக்கப் பாடத்தை அல்ல, சொல்முறையை. தனி நாயகி இல்லாமல், ஒரு சங்கதி இன்னொன்றை இழுத்துவர, வசவும் சிரிப்பும் பாட்டுமாய் நகரும் இந்தக் கதையாடல் சேரிப் பெண்களின் பேச்சிலிருந்து வந்தது. செந்தமிழ் நாவல் இலக்கணத்துக்கு இது அடங்காது.

பாட்டிகளைப் பற்றி எழுதும் தோழர்கள் அவள் வாங்கிய கூலி எவ்வளவு, கொடுத்தவன் யார், அவள் எதுக்கெல்லாம் தலையாட்டினாள் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். இல்லேன்னா அது வெறும் படத்திறப்பு.